வலது காலுக்கு வலது கை

"இப்படி நடக்குற மனுஷனை நீ எங்கம்மா பாத்தே?" என்று கேட்டார் அனிமேஷன் ஆசிரியர்.

அந்த மாணவி செய்த நாற்பது விநாடிப் படம் கம்ப்யூட்டரில் ஓடி முடிந்திருந்தது. கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் வீட்டிலிருந்து கேட் வரை நடந்து போய், தபால் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று திரும்பி நடக்கிறான். இதற்கு அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. வந்த வம்பு என்னவென்றால், அவன் வலது காலை எடுத்து வைக்கும்போது வலது கையையே முன்னால் வீசினான். இடது காலுக்கு இடது கை.

ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'இருபத்துநாலு'. விநாடிக்கு இருபத்துநாலு பிரேம், அதாவது இருபத்துநாலு தனிப்படம், இருபத்துநாலும் உண்மையாக இருக்க வேண்டும் என்று வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். கண்ணால் பார்க்காததைக் கையால் அசைக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். படத்தோடு, அதை எப்படிச் செய்தேன், என்ன கற்றுக்கொண்டேன் என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். 'இந்த நடையை நேரில் பார்த்து, போனில் பிடித்து, பிரேம் பிரேமாக ஒப்பிட்டுச் செய்தேன்' என்று எழுதியிருந்தாள்.

யாரைப் பார்த்தாய் என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவரை என்றாள். போனில் இருப்பதைக் காட்டு என்றார். அழித்துவிட்டேன் என்றாள்.

"அப்போ வெள்ளிக்கிழமை அந்த ஆளைக் கூட்டிட்டு வா. என் முன்னால நடக்கட்டும். நடந்தா பாஸ். இல்லேன்னா நீ எழுதினது பொய். அடுத்த வருஷம் முதல்லேர்ந்து படி."

படத்தை ஒப்படைத்தாகிவிட்டது, இனி ஒரு பிரேமைக்கூடத் தொட முடியாது. ஒரு வருடப் படிப்பு ஒரு மனிதனின் கையிலும் காலிலும் தொங்கியது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா பதறினாள், ஆனால் வேறு காரணத்துக்காக. மகள் உட்கார்ந்து பிரேம் பிரேமாகப் பார்த்திருக்கிறாள் என்றால் அது எந்தப் பையன்? அவருக்கு ஐம்பது வயது இருக்கும் என்று மகள் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

"அப்போ அவரையே கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா அவர் மனசு உடைஞ்சு போயிடும்மா."

"ஆளைக் கூப்பிட வேணாம்" என்றார் அப்பா. "நான் நடக்கிறேன்."

அப்பா செருப்புக் கடையில் இருபது வருடமாக விற்பனையாளர். ஊரில் பாதிப் பேரைக் கண்ணாடி முன்னால் நடக்கவிட்டுப் பார்த்தவர். நடையைப் பற்றி எனக்கா தெரியாது என்று ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

முதல் நாள் மூன்றடி கூட வரவில்லை. கையைக் கவனித்தால் கால் நின்றது, காலைக் கவனித்தால் கை பழைய புத்தியைக் காட்டியது. அம்மா தட்டில் கரண்டியால் தட்டித் தாளம் கொடுத்தாள். இரண்டாம் நாள் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்விட்டார். மூன்றாம் நாள் கடைக்குப் போகும்போதும் அப்படியே போனார். எதிர்வீட்டுக்காரர் பழம் வாங்கிக்கொண்டு வந்து, பக்கவாதத்துக்கு நல்ல டாக்டர் ஒருவர் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்குச் சாதாரணமாக நடப்பது எப்படி என்பதே மறந்துவிட்டது.

"அன்ன நடை நடக்கப் போய்த் தன் நடையும் கெட்டுச்சாம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மகளுக்கு அழுகை வந்தது. தன் படத்துக்காக அப்பா இப்படிக் கோமாளி ஆவதைப் பார்க்க அவளுக்கு மனம் தாங்கவில்லை. அப்பா மட்டும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆசிரியர் மேசை, நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு இடம் விட்டார். அப்பா ஜன்னலிலிருந்து கரும்பலகை வரை நடந்தார். வலது கால், வலது கை. இடது கால், இடது கை. பிசிறே இல்லை.

ஆசிரியர் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்து தடவை நடக்கவிட்டார்.

"எத்தனை வருஷமா சார் இப்படி?"

"சின்ன வயசுலேர்ந்தே" என்றார் அப்பா.

"யாருமே உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"எதுக்கு சார் சொல்லப் போறாங்க? பாவம்னு விட்டிருப்பாங்க. நாம நடக்குறதை நாமளா பாக்குறோம்?"

ஆசிரியர் மெல்லத் தலையாட்டினார். மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். சந்தேகப்பட்டதற்கு வருத்தமும் தெரிவித்தார். அடுத்த படத்துக்காவது ஒழுங்காக நடக்கிற ஆளாகப் பார்த்து எடு என்று, அப்பா காதில் விழாதபடி அவளுக்குப் புத்தி சொன்னார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகு ஆசிரியர் அவர்களை வழியனுப்ப எழுந்து, முன்னால் கதவை நோக்கி நடந்தார். வலது காலோடு வலது கை போனது. இடது காலோடு இடது கை போனது.

அப்பா நின்றுவிட்டார். "ஏம்மா, இவருக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று மகளின் காதருகே கிசுகிசுத்தார்.

"மெதுவாப் பேசுங்கப்பா. 'மனுஷன் இப்படித்தான் நடப்பான், பாத்துக்கோங்க'ன்னு முதல் நாள் வகுப்புல இவர் நடந்து காட்டினதைத்தான் நான் போன்ல எடுத்தேன்."