மில்வாசலில் நாச்சிமுத்து

மூடிக்கிடந்த பஞ்சாலையை ஊரே சேர்ந்து கலைக்கூடமாக்கியிருந்தது. ஊர்க்காரர்கள் கொடுத்த முகத்தோடும் குரலோடும் கணினி உருவாக்கிய ஒளியுருவங்கள், பழைய மில் ஆட்களாக மாலைதோறும் அங்கே வேலைக்கு வந்துபோயின. வாசலில் நின்று ஆட்களை உள்ளே விடும் மேஸ்திரி, துளசிமணியின் கணவர் நாச்சிமுத்துவின் உருவம். அவர் இறந்து எட்டு மாதமாகிறது.

துளசிமணி தினமும் போய் அவர் எதிரில் நிற்பாள். ஒளியுருவங்கள் தங்களுக்குள் மட்டுமே பேசும். அவர் இவளைத் தாண்டிப் பார்த்து, பின்னால் வரும் ஒளிப்பெண்ணிடம், "சாப்டாச்சா அம்மணி?" என்பார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "ஏனுங்க, நாந்தானுங்க" என்றாள். அவர் கண் அசையவில்லை.

மறுநாள் காலையில், புது உருவங்களைப் பதிவுசெய்யும் நிலோபரிடம் போய்த் தன்னையும் சேர்க்கச் சொன்னாள்.

"உங்க உருவத்துக்கிட்டத்தான் அவர் பேசுவாருங்கம்மா. நீங்க வெளிய நின்னு பார்க்கத்தான் முடியும்."

"தெரியுங் கண்ணு."

"சரிங்கம்மா, என்ன வேசம் போடட்டும்?"

துளசிமணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தாள்.

"தெனமும் லேட்டா வர்றவளாப் போடு சாமி. அவரு என்னைய உள்ள விடாம ரொம்ப நேரம் நிறுத்திவெச்சுப் பேசோணும்."