கேள்வி ஏழு

"ஒரு தடவைகூட இல்லையாம்!"

கத்தையாக இருந்த படிவங்களை மேக்கப் மேஜையில் எறிந்தாள் மிரெல்லா.

"நாற்பத்தோரு பாடகர்கள், நாற்பத்தோரு பூஜ்யம்! அப்ப இருபத்தாறு வருஷமா அந்தப் பொந்துக்குள்ள உட்கார்ந்து நீ என்னதான் பண்ணினே, ஓர்னெல்லா?"

ஓர்னெல்லா எங்கள் ஓபரா அரங்கின் பிராம்ப்டர். மேடையின் முன்விளிம்பில் ஒரு பொந்து. கழுத்து வரை அதற்குள் இறங்கி உட்கார்ந்து, பாடுகிறவர்களுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ரசிகர்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகம்தான் பார்த்தது. அரங்கில் எந்தெந்த வேலை அவசியம், எது வீண் என்று ஆராய ஒப்பந்தம் போட்டதும் பேராசிரியர் துல்லியோ வந்து இறங்கினார். மேடை ஏறுகிற ஒவ்வொருவரும் இறங்கியதும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றார். அதில் கேள்வி ஏழு: 'பிராம்ப்டரின் உதவி உங்களுக்கு எத்தனை முறை தேவைப்பட்டது?'

படிவங்களை வாங்கி அடுக்குகிற வேலை மேக்கப் போடுகிற மிரெல்லாவின் தலையில் விழுந்தது.

"எட்டோரேகூட பூஜ்யம் போட்டிருக்கான், பாரு. போன வாரம் மேடையில காதலி பேரையே மறந்துட்டு முழிச்சானே, அந்த மகராசன்!"

"மெதுவாப் பேசு. யார் காதுலயாவது விழப்போகுது."

"விழட்டுமே! யார், எந்த வரியில, எத்தனை தடவை நின்னாங்கன்னு உன் நோட்டுல பென்சில் குறி இருக்குல்ல? கொண்டுபோய் அந்த ஆள் முன்னாடி போடு. உன் வேலை தப்பிக்கும்."

"அதை வெளியே காட்டுற பிராம்ப்டரை நம்பி எவன் மேடை ஏறுவான்?"

"நம்பி ஏறினவன்தான்டி பூஜ்யம் போட்டிருக்கான்!"

ஓர்னெல்லா நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராய்ச்சி முடிவை மேடையிலேயே அறிவிக்க ஏற்பாடு. முன்வரிசையில் மேயர். மேல்மாடியில் எங்கள் ஊர் ரசிகர்கள். ஒரு சுரம் பிசகினால் எப்பேர்ப்பட்ட பாடகனையும் ஊளையிட்டே ஓடவைக்கிறவர்கள். கூட்டம் முடிந்ததும் ஒயினும் ஹாமும் உண்டு என்பதால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள்.

துல்லியோ ஊதா நிற டை கட்டி வந்தார்.

மிரெல்லா பதறிப்போனாள். "ப்ரொபசர், மேடைக்கு ஊதாவா? விளங்கவே விளங்காது. கழட்டிடுங்க!"

"இதெல்லாம் மூடநம்பிக்கை, சின்யோரா."

"சரி, பேச்சை எழுதின காகிதமாவது எங்கே?"

"எதுக்கு? எல்லாம் மனப்பாடம்." சிரித்தார். "நாற்பத்தோரு பேருக்குத் தேவைப்படாத உதவி எனக்கு மட்டும் எதுக்கு?"

அந்தப் பக்கம், ஓர்னெல்லா பொந்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் துல்லியோவின் அறிக்கை. 'படித்துப் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட அவளுக்கே கொடுத்திருந்த பிரதி.

"உன் சீட்டைக் கிழிக்கிற கூட்டத்துக்கு நீ எதுக்குடி?" என்றாள் மிரெல்லா.

"மேடையில ஆள் நின்னா பொந்துல நான் இருக்கணும். இந்த சீசன் முடியற வரைக்கும் அதுதானே என் வேலை."

பத்து நிமிஷம் துல்லியோ வெளுத்து வாங்கினார். பிறகு குரலை உயர்த்தினார்.

"நாற்பத்தோரு பேரிடம் கேட்டோம். நாற்பத்தோரு பேரும் சொன்னார்கள்... சொன்னார்கள்..."

நின்றுவிட்டார்.

டையைத் தளர்த்தினார். மேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேல்மாடியில் யாரோ கனைத்தார்கள். இன்னொருவர் "ஊ..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

துல்லியோவின் கண் தானாகக் கீழே போனது. பொந்துக்குள் ஒரு முகம். உயர்ந்த ஒரு விரல்.

"உதவி ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை என்று," என்றது மெல்லிய குரல்.

"உதவி ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை என்று!" முழங்கினார் துல்லியோ.

"ஆகவே, பிராம்ப்டர் பதவி..."

"ஆகவே, பிராம்ப்டர் பதவி..."

அந்தக் குரல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அடுத்த சீசனிலிருந்து அவசியமில்லை."

அதையும் அவர் அப்படியே சொன்னார். அரங்கம் கைதட்டியது. மேல்மாடியும்தான்.

திரைக்குப் பின்னால் மிரெல்லா காத்திருந்தாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் படிவத்தை நீட்டினாள்.

"மேடை ஏறினவங்க எல்லாரும் நிரப்பணும். நீங்க போட்ட விதிதான், ப்ரொபசர்."

துல்லியோ வாங்கிக்கொண்டார். ஆறு கேள்விகள் மளமளவென்று முடிந்தன. ஏழில் பேனா நின்றது. நாலடி தள்ளி, பொந்திலிருந்து ஏறி வந்த ஓர்னெல்லா பாவாடைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே, கை குலுக்க மேயர் வந்துகொண்டிருந்தார்.

துல்லியோ சட்டென்று எழுதி, படிவத்தை மடித்துக் கொடுத்துவிட்டு மேயரை நோக்கிப் போனார்.

மிரெல்லா பிரித்துப் பார்த்தாள்.

நாற்பத்திரண்டாவது பூஜ்யம்.