குழியில் விழும் தவளை

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கிறாள் அவள். பழைய கம்ப்யூட்டரின் திரையில் ஒரு தவளை குதிக்கிறது. கல்யாணமான புதிதில் கணவன் அவளுக்காகவே எழுதிய விளையாட்டு. தவளை குழியில் விழுந்தால் மட்டும் "போச்சுடி!" என்று அவன் குரல் கேலி செய்யும். அந்தக் குரல் இனி இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் கணவனின் தொண்டையில், குரல்வளையை எடுத்த ஆபரேஷனின் பெரிய கட்டு. விளையாட்டைக் கம்ப்யூட்டரிலேயே எத்தனை முறை பதிவு செய்தாலும் படம் வருகிறது, சத்தம்தான் வருவதில்லை. கடைசியில் செல்போனில் பதிவை ஓடவிட்டு, அதை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்திருக்கிறாள். பெட்டி அனலாய்க் கொதிக்கிறது, உள்ளே எதுவோ கரகரக்கிறது. "இந்த ஒரு தடவை தாங்கிடு, சாமி." தோற்பதென்றாலே வேப்பங்காயாய்க் கசக்கும் அவளுக்கு. இன்று வேண்டுமென்றே தவளையைக் குழிக்குள் தள்ளுகிறாள். ஸ்பீக்கரில் அவன் குரல் எழுகிறது. "வந்துடுச்சுங்க! வந்துடுச்சு!" என்று கத்தியேவிடுகிறாள். திரை மினுங்கிக் கறுத்துப்போகிறது. பொத்தானை எத்தனை முறை அமுக்கியும் உயிர் வரவில்லை. செல்போனில் பதிவைப் போட்டுக் கேட்கிறாள். அவன் குரல் இருக்கவேண்டிய இடம் முழுக்க அவளுடைய கத்தல். அவன் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான். சத்தமில்லாமல் உதடுகள் மட்டும் அசைகின்றன: போச்சுடி.