நாலு விமானமும் ஒரு சத்தியமும்

"அங்கை பொழுதுபட்டால், பிறகு ஒரு நிமிசமும் அவளின்ரை வீட்டிலை நிக்கமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்!"

ரொறன்ரோ விமான நிலையத்து வரிசையில், விடிந்தும் விடியாத நேரத்தில் நாகேஸ்வரி இப்படிச் சொன்னதும் கணவர் தியாகலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவாக் கதையும். சனம் பாக்குது."

"பாக்கட்டும். தமிழ் விளங்கிற சனமே நிக்குது?"

முன்னால் நின்ற பெண் திரும்பினாள். "ஓம் அன்ரி, நல்லா விளங்குது."

நாகேஸ்வரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். சத்தம் குறைந்ததே தவிர, பிடிவாதம் குறையவில்லை.

எல்லாம் நாலு வருடத்துக் கதை. மகள் தேனுகா, சீமோன் என்ற வேதக்காரப் பெடியனைத் தேவாலயத்தில் கலியாணம் முடித்த அன்று, தங்கள் ரொறன்ரோ வீட்டுச் சாமிப்படங்களுக்கு முன்னால் நாகேஸ்வரி கற்பூரம் கொளுத்தினாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள்: "உவளின்ரை வீட்டிலை ஒரு இரவும் தங்கமாட்டன்!" கையில் வந்த கொப்புளம் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. அவ்வளவுதான் ஆறியது.

சீமோனுக்கு ஆசிரியர் வேலை, தேனுகாவுக்குத் தாதி வேலை என்று இருவரும் கனடாவின் உச்சந்தலையில், வடதுருவப் பக்கம் இருக்கும் இனுவிக் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தியாகலிங்கம் மட்டும் வேலையிடத்தில் இருந்து ஒளித்து ஒளித்து மகளோடு போனில் கதைப்பார்.

இப்போது ஐந்து மாதத்தில் ஒரு பேரன். தேனுகாவின் லீவு முடிகிறது. பள்ளிக்கூடம் மூடி, சீமோன் வீட்டோடு நிற்கும்வரை பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. "அம்மா ஒரு மாசம் வந்து நிண்டால் காணும். இல்லாட்டி நான் வேலையை விடவேணும் அப்பா" என்று மாசி மாதம் அழுதாள். தயங்கித் தயங்கி அவர் அதை வீட்டில் சொன்னார். நாகேஸ்வரி இரண்டு நாள் கலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், "சரி, போவம். ஆனால் மே மாசக் கடைசியிலைதான். எனக்குக் குளிர் ஒத்துவராது" என்றாள். டிக்கெட்டையும் தானே போய் எடுத்துவந்து கைப்பைக்குள் பூட்டிக்கொண்டாள். மனம் இளகிவிட்டது என்று அவர் நினைத்தார். இன்று காலையில்தான் சத்தியம் மறுபடி தலைகாட்டியது.

எட்மன்டன் விமானத்தில் தொடங்கினார்.

"இஞ்சை பாரும், அண்டைக்கு எரிஞ்சது ஒரு சின்னக் கற்பூரத் துண்டு…"

"சத்தியத்துக்கு நிறுவை பாக்கிறியளோ?"

யெலோநைஃப் விமானத்தில் இன்னொரு வழி பார்த்தார்.

"கோயில் ஐயரைக் கேட்டனான். நூற்றெட்டுத் தேங்காய் உடைச்சால் சரியாம்."

"அப்ப அந்த ஐயரையே கூட்டிக்கொண்டுபோய்ப் பிள்ளை பாக்க விடுங்கோ."

மூன்றாவது விமானம் இன்னும் சிறியது. குலுக்கிய குலுக்கலில் அவர் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சரியப்பா, பகலிலை பிள்ளையைப் பாரும். இரவிலை படுக்க ஒரு ஹோட்டல் அறை கேட்டு வைச்சிருக்கிறன்."

"நாலு பிளேன் ஏறிப் போறது ஹோட்டலிலை படுக்கவோ?"

"அப்ப எங்கைதான் படுக்கப்போறீர்?"

"அதை நான் பாத்துக்கொள்ளுவன். நீங்கள் கச்சானைச் சாப்பிடுங்கோ."

அவர் விமானத்தில் தந்த கச்சான் கடலையைச் சாப்பிட்டார். ஓர் இரவும் தங்கமாட்டேன் என்கிறவள் ஏன் அரிசிமாவும் மிளகாய்த்தூளுமாக இரண்டு பெரிய பெட்டி கட்டினாள் என்று கேட்க நினைத்தார். கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். விட்டுவிட்டார்.

இடையில் பனிப்புகார் மூடி, நாலாவது விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தியது. இனுவிக்கில் இறங்கியபோது மகள் பிள்ளையோடு வாசலில் நின்றாள்; பக்கத்தில் சீமோன். நாகேஸ்வரி பேரனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு சீமோன் பக்கம் திரும்பி, "தம்பி, உந்தப் பையைப் பிடியும்" என்றாள். நாலு வருடத்தில் மாமியார் மருமகனிடம் பேசிய முதல் வார்த்தை. அவன் பையை இரண்டு கையாலும் வாங்கினான்.

வீட்டில் அவர்களுக்கு ஒதுக்கிய அறை மையிருட்டாக இருந்தது. யன்னல் முழுக்கச் சமையலுக்குப் பாவிக்கிற ஈயத்தாள் ஒட்டியிருந்தது.

"இதென்னடி?"

"படுக்கேக்கை இருட்டு வேணுமெல்லோ அம்மா. இஞ்சை எல்லாரும் ஒட்டுறவை."

"இருட்டாக்கி என்ரை சத்தியத்தைக் கெடுக்கப் பாக்கிறியோ?"

பேரனை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் ஈயத்தாளை ஒரே இழுவையாக இழுத்துக் கிழித்தாள். வெயில் கட்டில்வரை வந்து விழுந்தது. பெட்டிகளைத் திறந்து சேலைகளை எடுத்து அலுமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

தியாகலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரொறன்ரோ நேரம் பன்னிரண்டரை. இரண்டு மணித்தியாலத்தைக் கழித்தார். யன்னலைப் பார்த்தார். மறுபடியும் கழித்துப் பார்த்தார்.

"பிள்ளை," என்று மகளை மெல்ல வெளியே கூப்பிட்டார், "மணி இரவு பத்தரை. இஞ்சை எப்பதான் பொழுதுபடும்?"

தேனுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னும் ஐம்பது நாளைக்குப் படாதப்பா. அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையே? மாசி மாசம் போன் எடுத்தவா. நாலு வருசத்துக்குப் பிறகு என்னோடை கதைச்ச முதல் கதையே, 'எடியே, உங்கை எந்தத் திகதியிலை இருந்து இரவு வராது?' எண்டதுதான்."