காய்ந்த போர்வை

"அண்ணிக்கு என் மேல என்ன கோபம்னு கேட்டுச் சொல்லுங்கண்ணா."

கேமராவும் ஸ்டாண்டுமாக வந்து நின்ற தம்பியை, முகம் நிறைய ஷேவிங் நுரையோடு அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"காலங்காத்தால என்னடா?"

"பின்பக்கம் வேலிச் செடியில குருவி மூணு குஞ்சு பொரிச்சிருக்கு. சரியா அதுக்கும் என் கேமராவுக்கும் நடுவுல, கொடியில ஒரு போர்வை தொங்குது. மூணு நாளா."

"துணி காயப்போடத்தானேடா கொடி?"

"தொட்டுப் பார்த்தேன். காஞ்ச போர்வை. நேத்தும் காஞ்சதுதான், முந்தாநாளும் காஞ்சதுதான். காஞ்ச துணியை யாராவது காயப்போடுவாங்களா?"

அண்ணனுக்கும் இது விசித்திரமாகத்தான் இருந்தது. நுரை கழுத்தில் வழிவதுகூடத் தெரியாமல் யோசித்தார்.

"எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்து மடிச்சு வெச்சேன். ரெண்டே நிமிஷத்துல மறுபடி தொங்குது."

தம்பிக்கு மருந்துக் கடையில் வேலை. ஆனால் மனசு முழுக்கக் குருவி, கொக்கு, அணில்தான். 'தாயும் குஞ்சும்' என்று ஒரு புகைப்படப் போட்டி, நாளையோடு கடைசி. மூன்று வருடமாக அனுப்புகிறான், ஓர் ஆறுதல் பரிசுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இந்தமுறை தாய்க்குருவி குஞ்சுக்கு ஊட்டுகிற படம் ஒன்று கிடைத்தால் போதும். அது மட்டும் சிக்கவே மாட்டேன் என்கிறது.

"பாப்பா பிறந்தநாளுக்குப் படம் எடுக்காம, பார்க்குக்குக் கொக்கு எடுக்கப் போயிட்டேன்ல? அதுக்குத்தான் பழி வாங்கறாங்க."

"உங்க அண்ணி அப்படிப்பட்டவ இல்லடா" என்றார் அண்ணன், கொஞ்சம் சுருதி இறங்கி. அந்தப் பிறந்தநாளைப் பற்றி அவள் பேசியதையெல்லாம் முழுசாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அதற்குள் அண்ணியே வந்துவிட்டாள். குழந்தைகள் வார்டில் நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பி, யூனிஃபார்மில் இருந்தாள்.

"அண்ணி, அந்தப் போர்வை..."

"நான்தான் போட்டேன்" என்றாள் பட்டென்று. "எங்க வார்டுல பால் குடுக்கற நேரத்துக்கு ஸ்க்ரீனை இழுத்து விட்டுடுவோம். ஆள் நின்னு வேடிக்கை பார்த்தா தாய்க்குச் சங்கடமா இருக்கும். உங்ககிட்டயும் தள்ளி உட்காருங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். லென்ஸைத் துடைச்சுக்கிட்டே தலையாட்டினீங்க."

அண்ணன் சிரித்துவிட்டார். தம்பிக்குச் சுருக்கென்றது.

"குருவிக்கு என்ன அண்ணி சங்கடம்? என்னைக் கண்டா அதுக்குப் பயமே இல்லை. ஞாயித்துக்கிழமை எடுத்தது இது. அப்போ போர்வை கிடையாது. சுவர் மேல அரை மணி நேரம் அசையாம போஸ் குடுத்துச்சு. நாற்பது படம், பாருங்க."

அண்ணி கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். படங்கள் நன்றாகத்தான் வந்திருந்தன. அவள் உன்னிப்பாகப் பார்ப்பதைப் பார்த்து இவனுக்கு உச்சி குளிர்ந்தது.

"வாயில என்னவோ வெச்சிருக்கே?"

"பச்சைப் புழு. வால் பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி தெரியுதா? அவ்வளவு தெளிவா விழுந்திருக்கு."

"தெரியுது. இது எத்தனை மணிக்கு எடுத்தது?"

"ஏழு மணி. அதுதான் முதல் படம்."

அவள் கடைசிப் படத்துக்குப் போனாள்.

"இது?"

"ஏழரை."

"இதுலயும் அதே கறுப்புப் புள்ளி."

தம்பி குனிந்து பார்த்தான். நடுவிலிருந்த படங்களையும் பார்த்தான். எல்லாவற்றிலும் அதே புழு.

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அது போஸ் குடுக்கலை தம்பி. நீங்க எப்ப எழுந்து போவீங்க, எப்பப் பிள்ளைங்களுக்கு ஊட்டலாம்னு காத்துக்கிட்டு நின்னிருக்கு."