கடைசிப் பாஸ்

த்ரீ கிங்ஸ் புறநகரிலுள்ள வீட்டு ஹோலில் பெனடிக்ற் அந்த வீடியோக் கசற்றை ஏழாவது தடவையாகப் பின்னுக்குச் சுற்றினார்.

"கோட்டுக்கு அஞ்சு மீற்றர். முன்னுக்கு ஒருத்தனும் இல்லை. பந்து நேர உன்ர கைக்கு வருது. நீ எங்கயடா பார்க்கிறாய்?"

கல்லூரி ரக்பி அணியில் விளையாடும் மகன் ஜெரோம் றிமோட்டுக்குக் கையை நீட்டினான். திரையில், பந்து வந்து சேரும் நேரத்தில் அவன் தலையைத் திருப்பினான். பந்து தோளில் பட்டு விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

"ரெண்டு பொயின்ற்றால ஃபைனல் போச்சு! வேலைக்கு லீவு போட்டு, மழைக்க நிண்டது இதைப் பார்க்கவோ?"

"டாட், ப்ளீஸ், சவுண்டைப் போடுங்கோ."

"சனத்தின்ர கூச்சல் எனக்கென்னத்துக்கு? சத்தமில்லாமப் பார்த்தாத்தான் பிழை பிடிக்கலாம். சொல்லு, எந்தப் பெட்டை கூப்பிட்டவள்?"

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மனைவி இவோன் அவர் கையிலிருந்த றிமோட்டைப் பறித்து, ஒலியைக் கூட்டி, அந்தக் கட்டத்தை மறுபடி ஓடவிட்டாள்.

பந்து புறப்பட்டது. மைதானத்து இரைச்சலை மீறி, கமெராவுக்குப் பின்னாலிருந்து பெனடிக்ற்றின் குரல் கேட்டது.

"ஜெரோம்! இங்கால கமெராவைப் பாரடா! கனடா மாமாவுக்கு அனுப்பவேணும்!"

இவோன் கசற்றை வெளியே எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ, இண்டைக்கே அண்ணாவுக்கு அனுப்புங்கோ. கூப்பிட்ட பெட்டை ஆரெண்டும் எழுதிவிடுங்கோ."