கவிழ்ந்த கூடு

மறைந்த நண்பர் வெர்னனின் தோட்டா நிரப்பும் கருவியை அவர் மனைவி டோரீன் எனக்குக் கொடுத்துவிட்டார். வெடிமருந்து போட்ட தோட்டாக் கூடுகளை நிமிர்த்தியும் போடாதவற்றைக் கவிழ்த்தும் வைப்பது வெர்னனின் வழக்கம். நானும் அப்படியே பழகினேன்.

ஐம்பது கூடுகளை நிரப்பித் தட்டில் நிமிர்த்தி வைத்தபோது டோரீன் போன் செய்தார்.

"மான் வேட்டைக்கு வந்துட்டேன் லைல். போன வாரம் நீ குடுத்த தோட்டாதான். குறி தப்பினா உன் தலைதான் உருளும்!"

"கர்த்தர் கூட இருப்பார்" என்று சிரித்தேன்.

திரும்பினால் ஒரு கூடு கவிழ்ந்திருந்தது. வீட்டில் வேறு யாருமில்லை. கொட்டிக் கிடந்த மருந்தை எடை போட்டேன். போட வேண்டியதைப் போல் சரியாக இரண்டு மடங்கு. சுட்டிருந்தால் துப்பாக்கி முகத்திலேயே வெடித்திருக்கும்.

கவிழ்த்துக் காட்டிய வெர்னனுக்கு நன்றி சொன்னேன். போன வாரத் தோட்டாக்களை மூடுமுன் உள்ளே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டோரீனை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தட்டில் ஐம்பது கூடுகளும் கவிழ்ந்திருந்தன.